ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: புதிதாக ஆடுபவருக்கு எந்த சிவ் (நாகரிகம்) நல்லது? பர்மியர், திராவிடர் இரண்டிலும் தோல்விதான்

ரங்கூன் தம்பி
எல்லோருக்கும் வணக்கம். இந்த கம்ப்யூட்டர் விளையாட்டின் டெஃபினிட்டிவ் எடிஷன் வாங்கி, அரேபியா மேப்பில் (ஆடுகளத்தில்) கம்ப்யூட்டரோடு ஆடிப் பழகுகிறேன். மாடரேட் நிலை. இருக்கிற ஊர் என்ற பாசத்தில் முதலில் பர்மியரை எடுத்தேன். அப்புறம் நம்ம ஆட்கள் ஆயிற்றே என்று டைனாஸ்டிஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி, திராவிடருக்கு மாறினேன். இரண்டிலும் ஒரே கதைதான். நான் காஸில் ஏஜை (நான்கு காலகட்டங்களில் மூன்றாவது) தொடுவதற்குள் எதிராளியின் நைட்கள் (குதிரை வீரர்கள்) வயலுக்குள் புகுந்து வேலை செய்யும் வில்லேஜர்களை வெட்டிச் சாய்க்கின்றன. யூடியூபில் ஒருவர் சீனர் என்கிறார், இன்னொருவர் மங்கோலியர் என்கிறார். கரண்ட் இருக்கும் நேரத்தில்தான் கம்ப்யூட்டர் ஓடும், அதனால் பத்து சிவ் ஆடிப் பார்க்க வழியில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அதையே பிடித்துக்கொள்கிறேன்.

தட்டோன் அண்ணன்
ஃப்ராங்க்ஸ். யோசிக்கவே வேண்டாம் தம்பி.

மில் கட்டினால் போதும், வயல் தொடர்பான மேம்பாடுகள் எல்லாம் அந்தந்த ஏஜில் இலவசமாக வந்துவிடும். புதிதாக ஆடுகிறவன் அதைத்தான் எப்போதும் தள்ளிப்போடுவான். பெர்ரி பறிப்பதும் வேகம், கோட்டையும் மலிவு. முக்கியமானது குதிரைப்படை: இரண்டாவது காலகட்டமான ஃபியூடலிலிருந்தே 20 சதவீதம் கூடுதல் உயிர். சாதாரண நைட்டுக்கு 100 என்றால் உன்னுடையதற்கு 120. மற்றவர்கள் அதற்கு பிளட்லைன்ஸ் என்ற மேம்பாட்டுக்குச் செலவு செய்ய வேண்டும். உனக்கு அந்த டெக்னாலஜியே கிடையாது, தேவையும் இல்லை.

சீனர் பக்கம் போகாதே. மூன்று வில்லேஜர் அதிகமாகத் தருகிறார்களே என்று தோன்றும், ஆனால் தொடக்கத்தில் 200 உணவைக் கழித்துவிடுவார்கள். உணவுக்கான ஆடு எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள், வில்லேஜர்களை உருவாக்கும் டவுன் சென்டர் சும்மா நிற்கும். அது கை தேர்ந்தவர்களுக்கு. மங்கோலியரின் வேட்டை வேகமும் அப்படித்தான், மானை ஒழுங்காகத் தள்ளிக்கொண்டு வரத் தெரிந்தவனுக்குத்தான் அது லாபம்.

மோல்மேன் மச்சான்
திராவிடரைக் குறை சொல்ல வேண்டாம், மேப்தான் தப்பு. அவர்கள் லாயத்தில் நைட் என்ற ஆளே இல்லை. திறந்த வெளியான அரேபியாவில் எதிரி நைட்டோடு வந்தால் துரத்திப் பிடிக்கவும் முடியாது, தப்பி ஓடவும் முடியாது. அதே திராவிடரைத் தீவுகள் உள்ள ஐலண்ட்ஸ் மேப்பில் எடுத்துப் பாருங்கள். மீனவர் ஒரு நடைக்கு 15 அதிகமாகச் சுமப்பார்கள், ஏஜ் மாறும்போதெல்லாம் 200 மரம் சும்மா வரும். துறையும் கப்பலும் கட்ட வேறென்ன வேண்டும்? அவர்களுக்கான காம்பெய்னே (கதைத் தொடரே) ராஜேந்திர சோழன்தானே, 1025இல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தை அடித்தவர். அந்தக் கூட்டத்தைப் பாலைவனத்தில் இறக்கிவிட்டு ஜெயிக்கவில்லை என்றால் எப்படி?

பெகூ அக்கா
தம்பி, சிவ் இருக்கட்டும். ஆட்டக் கடிகாரம் 10 நிமிடம் காட்டும்போது உன்னிடம் எத்தனை வில்லேஜர் இருக்கிறார்கள்? அதைச் சொல், மீதியைப் பிறகு பேசலாம்.

ரங்கூன் தம்பி
பதிவை ஓட்டிப் பார்த்தேன் அக்கா. 14 பேர். அடிக்கடி வீடு போதவில்லை என்று எச்சரிக்கை வருகிறது.

பெகூ அக்கா
அதுதான் நோய். ஒரு வில்லேஜர் வெளியே வர 25 விநாடி. மூன்று பேரோடு தொடங்கி 10 நிமிடம் நிறுத்தாமல் போட்டால் 27. வில்லேஜரின் உயிரைக் கூட்டும் லூம் மேம்பாட்டுக்கும், ஃபியூடல் ஏறுவதற்கான 130 விநாடிக்கும் கழித்தாலும் இருபதைத் தொட வேண்டும். உனக்கு ஆறு ஏழு பேர் குறைகிறார்கள். அத்தனை பேரின் உழைப்பு இல்லாமல் 800 உணவும் 200 தங்கமும் சேர்த்து காஸில் ஏற நேரமாகத்தான் செய்யும், எதிரி முந்திக்கொள்வான். இதை எந்த சிவ்வாலும் மறைக்க முடியாது.

ஒரு வீடு 25 மரம், ஐந்து பேருக்கு இடம். இன்னும் இரண்டு பேருக்குத்தான் இடம் என்னும்போதே அடுத்த வீட்டைத் தொடங்கிவிடு. எச் தட்டி டவுன் சென்டருக்குப் போ, கியூ தட்டி வில்லேஜர் போடு. சண்டை நடக்கும்போதும் விரல் அதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும், வெங்காயம் நறுக்கியபடி உலையையும் பார்த்துக்கொள்கிற மாதிரி. முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் சும்மா நிற்கிற வில்லேஜரிடம் கொண்டுபோகும்.

வீடுதான் பெரிய தொல்லை என்றால் ஹூணர்களை எடுக்கலாம். அவர்களுக்கு வீடே வேண்டாம். தொடக்கத்தில் 100 மரம் குறையும், அவ்வளவுதான்.

தட்டோன் அண்ணன்
அக்கா, அது ஊன்றுகோல். ஹூணரோடு பழகியவன் வேறு சிவ் எடுத்த அன்றைக்கே மாட்டிக்கொள்வான். ஃப்ராங்க்ஸோடு வீடு கட்டப் பழகட்டும்.

பெகூ அக்கா
முதலில் ஒரு ஆட்டமாவது ஜெயிக்கட்டும், அப்புறம் பழகிக்கொள்வான். ஜெயிக்காமலே இருந்தால் ஆட்டத்தையே விட்டுவிடுவான். நீங்கள் சொல்கிற ஃப்ராங்க்ஸும் எனக்குச் சம்மதம்தான், சண்டை வேண்டாம்.

ரங்கூன் தம்பி
ஃப்ராங்க்ஸையே எடுத்தேன் அண்ணே. 10 நிமிடத்தில் 20 பேர் வந்துவிட்டார்கள். இந்தத் தடவை என் நைட்கள்தான் முதலில் அங்கே போய் நின்றன, பாதி வயலைக் காலி செய்தேன். ஆனால் அவன் ஈட்டிக்காரர்களை வரிசையாக விட ஆரம்பித்ததும் எல்லாம் சரிந்துவிட்டது. ஒரு நைட் 60 உணவு, 75 தங்கம். ஒரு ஈட்டிக்காரன் 35 உணவு, 25 மரம். இந்தக் கணக்கு எனக்குக் கட்டவில்லை.

தட்டோன் அண்ணன்
கட்டாதுதான். ஈட்டியைக் கண்டால் நைட்டை மோத விடாதே, பின்வாங்கி வேறு பக்கமாகப் போ. ஈட்டிக்காரனால் குதிரையைத் துரத்திப் பிடிக்க முடியாது. தங்கச் சுரங்கத்தில் அடி, அவன் அங்கே ஓடி வருவதற்குள் மரவெட்டிகளிடம் போ. கூடவே ஆர்ச்சரி ரேஞ்ச் ஒன்று கட்டி ஐந்தாறு ஸ்கிர்மிஷர் (தூரத்திலிருந்து எறியும் காலாள்) போட்டு வை. அவர்களுக்குத் தங்கமே வேண்டாம், ஈட்டிக்காரர் மேல் தனி அடி உண்டு.

மோல்மேன் மச்சான்
திராவிடருக்கு அந்த ஸ்கிர்மிஷர் 25 சதவீதம் வேகமாக எறியும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ரங்கூன் தம்பி
சொல்லாமல் விட மாட்டீர்களே மச்சான். சரி அண்ணே, இன்று ராத்திரி கரண்ட் வந்தால் ஸ்கிர்மிஷரோடு ஆடிப் பார்க்கிறேன். பர்மியரை எப்போது திரும்ப எடுக்கலாம்?

பெகூ அக்கா
ஃப்ராங்க்ஸ் கைக்கு வந்ததும் எடு. பர்மியருக்கு நைட் உண்டு, மர முகாம் மேம்பாடுகள் இலவசம், காலாட்படைக்கு ஏஜுக்கு ஏஜ் அடி கூடும். வில்லாளிகள் மட்டும் கடைசி மேம்பாடு வரை போக மாட்டார்கள், அதனால் வில் எதிரியிடம் அடிபடுவாய். அராம்பாய் என்ற எறி குதிரைவீரன் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், அடியும் பலமானது, ஆனால் எறி பெரும்பாலும் குறி தப்பும், இப்போதைக்கு வேண்டாம். பர்மிய மன்னர் பயின்னௌங்கின் காம்பெய்னை அதற்குப் பிறகு தொடங்கு. எங்கள் ஊரைத் தலைநகராக வைத்து ஆண்டவர், சும்மா தோற்று வைக்காதே. அதுவரை ஆர்ட் ஆஃப் வார் பயிற்சிகளில் முதலாவதாக வரும் பொருளாதாரப் பாடத்தைத் தங்கப் பதக்கம் வரும் வரை ஆடு.