செண்டுமல்லி நிறக் கார்னிவல் தம்ளர் எந்த ஊருடையது?

கேள்வி: காரைக்குடிப் பழம்பொருள் கடையொன்றில், சாய்த்துப் பிடித்தால் மயில்கழுத்துப் போல மின்னுகின்ற, அடியில் ‘ஜெயின்’ என்று ஆங்கிலத்தில் புடைத்த எழுத்துள்ள செண்டுமல்லி நிறக் கண்ணாடித் தம்ளர் ஒன்றை வாங்கினேன், இது அமெரிக்கப் பொருள் என்று கடைக்காரர் சொன்னதை நம்பலாமா?

பதில் 1: நம்ப வேண்டாம். அது உத்தரப் பிரதேசத்திலுள்ள ஃபிரோசாபாத் ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலையின் முத்திரை. அமெரிக்காவில் 1907-இல் ஃபென்டன் நிறுவனம் தொடங்கிவைத்த, சூடான கண்ணாடியின்மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்து வானவில் பளபளப்பை உண்டாக்கும் ‘கார்னிவல் கண்ணாடி’ முறையே ஃபிரோசாபாத்திலும் கையாளப்பட்டது. இந்தியப் பொருள் என்பதால் மதிப்புக் குறைந்துவிடாது. வெளிநாட்டிலும் இதைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு.

பதில் 2: விளிம்பை நகத்தால் வருடிப் பாருங்கள், சில்லு போயிருந்தால் தட்டுப்படும். பளபளப்பு மேற்பரப்பில் மட்டுமே இருப்பதால், சாம்பலோ புளியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

கேட்டவர்: நன்றி. அம்மா புளியை ஊறவைத்தே விட்டார். தம்ளரை அலமாரியில் ஏற்றிவிட்டேன்.