எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு வலு அதிகம்: .32-ஆ, .38-ஆ (புள்ளி வைத்த எண்கள் தோட்டாவின் அகலம், அங்குலத்தில்), 9 எம்எம்-ஆ? கையில் பிடித்துச் சுட்டவர்கள் சொல்லுங்கள்

கம்மவான்பேட்டை மாமா:

நம்ம ஊர் பட்டாளத்து ஊர். பென்ஷன்காரங்க நாலு பேர் டீக்கடையில உட்கார்ந்தா துப்பாக்கிப் பேச்சுல அஞ்சு கட்சி. போன வாரம் அக்கா பையன் கேட்டான்: "இன்னா மாமா, .45-ல அடிச்சா ஆளு பறந்து போய் விழுவானாமே?" டேய், ஆளைத் தூக்கி எறியிற அளவுக்கு அந்தத் தோட்டாவுல தள்ளு இருந்தா, சுட்டவனும்தானே பின்னாடி பறக்கணும்? உதை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

நான் டாங்கி ரெஜிமென்ட். உள்ளே கையை நீட்ட இடம் கிடையாது, அதனால ரைஃபிளுக்குப் பதிலா 9 எம்எம் கார்பைனும் (குட்டைக் குழாய்த் துப்பாக்கி) பிஸ்டலும். ரெண்டுக்கும் ஒரே தோட்டா. 25 கஜத்துல கார்பைனைத் தோள்ல முட்டுக்கொடுத்து அடிச்சா, அட்டையில உள்ளங்கை அகலத்துக்குள்ள எல்லாம் விழும். அதே தோட்டாவைப் பிஸ்டல்ல போட்டு முதல் நாள் 5 ரவுண்டு சுட்டேன். அட்டையில ஒரே ஒரு ஓட்டை, அதுவும் மூலையில. சுடக் கத்துக்கொடுக்கற உஸ்தாத் அட்டையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, "மீதி நாலும் மண்ணுக்கா?"ன்னு இந்தியில கேட்டாரு. காது வரைக்கும் சுட்டுது.

பையனுக்காக ஒரு கணக்கு போட்டேன். 9 எம்எம் தோட்டா சுமார் 7.5 கிராம், விநாடிக்கு 350 மீட்டர். ஆற்றல் 460 ஜூல் வருது. .45 அதைப்போல ரெண்டு மடங்கு கனம், 15 கிராம். ஆனா வேகம் 255 மீட்டர்தான், 490 ஜூலைத் தாண்டல. வேகம் ரெண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்கு, அதான் காரணம். ஆக டீக்கடையில ரெண்டு கட்சியும் முப்பது ஜூலுக்குத்தான் இத்தனை வருஷமா சண்டை போட்டிருக்கு. லைசென்ஸ்ல கிடைக்கிற .32 ரிவால்வர்? 6.4 கிராம், 215 மீட்டர், 150 ஜூல். மூணுல ஒரு பங்கு.

ரிசர்வ் லைன் ரிட்டயர்டு:

அண்ணே, நான் போலீஸ்ல ஆரம்பத்துல இடுப்புல கட்டுனது .38 ரிவால்வர். முதல் உலகப் போருக்கு அப்புறம் வெள்ளைக்காரன் .455-ஐ விட்டு இதுக்கு இறங்கினான். பெரிய துப்பாக்கியோட உதையில புது ஆளுங்களைப் பழக்குறது கஷ்டமா இருந்துச்சு. கனமான தோட்டா, மெதுவாப் போகும், 9 எம்எம்ல பாதி ஆற்றல் இருந்தா அதிகம். இத்தனைக்கும் அகலத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பேருல 38, 9-ன்னு இருக்கறதால ஏதோ மலைக்கும் மடுவுக்கும்னு நினைச்சுக்கறாங்க.

எங்களுக்குப் பவர் பத்தலைங்கற கவலை வந்ததே இல்ல. வேற கவலை. 9 எம்எம் பிஸ்டல் கொடுத்த புதுசுல, சுட்டுப் பழகுற ரேஞ்சுல பார்த்தேன்: அட்டை மாட்டுற மரச்சட்டம், ரெண்டு அங்குல மாம்பலகை. .38 உள்ளேயே நின்னுடும், பின்பக்கம் சிலாம்பு மட்டும் கிளம்பும். 9 எம்எம் துளைச்சுக்கிட்டு போய் மண்மேட்டுல புதைஞ்சிருந்துச்சு. பண்டிகை பந்தோபஸ்துக்கு நேதாஜி மார்க்கெட்ல நிக்கும்போது அந்தப் பலகைதான் ஞாபகம் வரும். முன்னால திருடன் நின்னா சரி, அவன் பின்னால பூ வாங்குற அம்மாவும் நிக்குமே!

அமெரிக்காக்காரனும் இதே சுத்து சுத்திட்டுத்தான் வந்தான். 1986-ல மயாமியில கொள்ளைக்காரங்களோட நடந்த துப்பாக்கிச் சண்டையில எஃப்பிஐ ஆளுங்க ரெண்டு பேர் செத்தாங்க. 9 எம்எம் பத்தலைன்னு 10 எம்எம்முக்குப் போனாங்க, உதை தாங்காம .40-க்கு இறங்கினாங்க, கடைசியில திரும்ப 9 எம்எம்.

இங்க அக்னி நட்சத்திரத்துல ரேஞ்சுக்குப் போனவங்களுக்குத் தெரியும், வேர்த்த கையில பிடி வழுக்குச்சுன்னா எந்த நம்பரும் ஒண்ணுதான்.

வாலாஜா சிஸ்டர்:

ராணுவ மருத்துவமனையில நர்ஸா இருந்தேன், ஒரு வார்த்தை. பிஸ்டல் காயம், ரைஃபிள் காயம் ரெண்டுக்கும் டிரெஸ்ஸிங் பண்ணியிருக்கேன். பிஸ்டல் தோட்டா தான் போன வழியை மட்டும் கிழிக்கும். 9-ஆ .38-ஆன்னு காயத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியாது. ரைஃபிள் அப்படி இல்ல, வேகம் மூணு மடங்கு கிட்ட. சுத்தியிருக்கிற சதையே சிதறிப்போயிருக்கும். கைத்துப்பாக்கி பட்டு, தானே நடந்து வந்து ஸ்டூல்ல உட்கார்ந்து தண்ணி கேட்ட பையனும் உண்டு. சின்னத் தோட்டாதான், ரத்தக்குழாய்ல பட்டதால காப்பாத்த முடியாம போனவனும் உண்டு.

குடியாத்தம் பேரன்:

எங்க தாத்தாவோடது .32 ரிவால்வர், கான்பூர் ஃபேக்டரி. தோப்புல காட்டுப்பன்னி தொல்லைன்னு ஒரு தடவை சத்தத்துக்காக வேப்பமரத்துல சுட்டாரு. மறுநாள் உளியால நோண்டினோம், சுண்டுவிரல் நீளம்கூட உள்ள போகல. அன்னியிலிருந்து பாட்டி அதை "கொட்டாங்கச்சி வெடி"ன்னுதான் சொல்லும். ஏன் 9 எம்எம் வாங்கலைன்னு கேட்டா, "அது பி.பி., தர மாட்டான்"னு சொல்வாரு. ரொம்ப நாளா பவர் ஜாஸ்திங்கறதாலதான் தடைன்னு நினைச்சேன்.

இப்ப லைசென்ஸை அப்பா பேருக்கு மாத்தணும். பழைய தோட்டா ஒரு டப்பா இருக்கு, பித்தளையில பச்சை பூத்திருக்கு. துடைச்சு வெச்சுக்கலாமா?

கம்மவான்பேட்டை மாமா:

தம்பி, பி.பி.ன்னா 'புரொஹிபிடட் போர்', தடை செஞ்ச குழாய்த் துளை அளவு. பவர் மட்டும் காரணம் இல்ல. பட்டாளமும் போலீஸும் போடுற தோட்டா வெளியில ஓடக்கூடாது, அதான் முக்கியம்.

பச்சை பூத்ததைத் துடைக்கவே துடைக்காதே. அதுல மருந்து பாதி செத்திருக்கும். டப்புன்னு சின்னச் சத்தத்தோட தோட்டா குழாய் நடுவுலயே நின்னுடும். தெரியாம அடுத்ததை அடிச்சா குழாயே பிளக்கும். லைசென்ஸ் மாத்தப் போறப்ப டப்பாவை அப்படியே ஸ்டேஷன்ல காட்டி ஒப்படைச்சு, எழுதி வாங்கிக்க. பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு போயிடாதே, முதல்ல போன்ல கேட்டுட்டுப் போ. தேர்தலுக்குத் துப்பாக்கியை ஒப்படைச்ச ரசீது இருந்தா அதையும் தேடி எடு, பாட்டி பீரோவுல இருக்கும்.