அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்: அறுவையா, கதிர்வீச்சா, கண்காணிப்பா?

கேள்வி (கோத்தகிரி)

வணக்கம். என் தந்தைக்கு வயது 71. கோத்தகிரிக்கு அருகே எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது; கவாத்து முதல் இலை எடைபோடுவது வரை இன்றும் அவரே முன்னின்று பார்க்கிறார். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதை மலைக்குளிரால் வருவது என்றே நெடுநாள் சொல்லிவந்தார். இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி வெளியிடும் ஒரு புரதம்) அளவு 14 என்று வந்ததும் கோவையில் எம்.ஆர்.ஐ. எடுத்து, பயாப்சியும் (திசுப் பரிசோதனை) செய்தோம். புற்றணுக்களின் தீவிரத்தைக் காட்டும் க்ளீசன் மதிப்பெண் 3+4=7. எலும்பு ஸ்கேனில் பரவல் தென்படவில்லை.

அறுவை சிகிச்சை செய்யலாம், இல்லையென்றால் நான்கு வாரக் கதிர்வீச்சோடு, ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஹார்மோன் ஊசியை ஆறு மாதம் போடலாம் என்று மருத்துவர் கூறினார். அப்பாவோ, "வயதானால் வருவதுதானே, இதனால் யாரும் சாவதில்லை, விட்டுவிடுங்கள்" என்கிறார். கண்காணிப்பு மட்டும் போதுமா? கதிர்வீச்சுதான் என்றால், இந்த வயதில் தினமும் மலையிறங்கி ஏற அவரால் இயலுமா?

பதில் (கோவை, புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர்)

சகோதரி, உங்கள் தந்தை சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது அவருடைய நிலைக்கு முழுமையாகப் பொருந்தாது. க்ளீசன் 3+3 என்று வந்து, பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே இருப்பவர்களுக்குச் சிகிச்சையைத் தள்ளிவைத்து, குறித்த இடைவெளிகளில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறுபயாப்சி என்று கண்காணிப்பதையே இன்று முதலில் பரிந்துரைக்கிறார்கள். பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து நடத்திய புரோடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் 2023-இல் வெளியாயின. எந்தப் பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. ஆனால் கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியவர்கள் மற்ற இரு பிரிவுகளைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 14-ம் 3+4-ம் சேர்ந்து வரும்போது, தோட்டத்தில் நடமாடும் அளவு திடமாக இருக்கும் ஒருவருக்குச் சிகிச்சை தேவை என்றே நான் கருதுகிறேன். ஓரிரு வாரம் யோசிப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

அதற்கு முன் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். சிறுநீர்த் தொந்தரவுக்காக அவர் ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறாரா? சீட்டில் டியூட்டாஸ்டிரைடு அல்லது ஃபினாஸ்டிரைடு என்ற பெயர் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

கேட்டவர் (கோத்தகிரி)

பார்த்தேன். குன்னூரில் ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்த டாம்சுலோசினும் டியூட்டாஸ்டிரைடும் சேர்ந்த மாத்திரையை ஒரு வருடத்துக்கும் மேலாக எடுத்துக்கொள்கிறார். கோவையில் எந்த மாத்திரை என்று யாரும் கேட்கவில்லை. இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில் (அதே செவிலியர்)

நெருங்கிய தொடர்பு உண்டு. டியூட்டாஸ்டிரைடு புராஸ்டேட்டைச் சுருக்கும். ஆறு மாதம் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குப் பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். ஆகவே தாளில் உள்ள 14-ஐ 28 என்று எடுத்துக்கொண்டுதான் மருத்துவர் சிந்திக்க வேண்டும். 20-ஐத் தாண்டினாலே நோய் அதிக ஆபத்துப் பிரிவில் வைக்கப்படும். அப்படியானால் கதிர்வீச்சோடு போடும் ஹார்மோன் ஊசி ஆறு மாதத்தோடு நிற்காமல் ஒன்றரை முதல் மூன்று ஆண்டு வரை நீளலாம். பரவல் இல்லை என்பதை உறுதிசெய்ய, எலும்பு ஸ்கேனைவிட நுட்பமாக, புராஸ்டேட் புற்றணுக்களைத் தேடிக் காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனும் கேட்கப்படலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், சீட்டை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரைச் சந்தியுங்கள். பயாப்சியின் பாரஃபின் பிளாக்குகளையும் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகள்) வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்து மதிப்பெண்ணை உறுதிசெய்வது நல்லது.

பதில் (கொடைக்கானல்)

அம்மா, நான் இதே நோய்க்கு மதுரையில் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவன். வாரத்தில் ஐந்து நாள் வீதம் நான்கு வாரம் என்றால் 20 அமர்வுகள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை 70 கிலோமீட்டர் அளவு இருக்கும். தினமும் போய்வர வேண்டாம். ஒவ்வொரு அமர்வின்போதும் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு அவசரமாகச் சிறுநீர் முட்டும், எரியும், மலமும் சிலருக்கு இளகிப்போகும். அந்த நிலையில் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துப் பயணம் பெரும் துன்பம். கீழேயே உறவினர் வீட்டிலோ மருத்துவமனைக்கு அருகே வாடகை அறையிலோ தங்கி, வார இறுதியில் மட்டும் மேலே ஏறுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே அனுமதி பெற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹார்மோன் ஊசி போட்ட பிறகு குளிரிலும் உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கும். தசை தளரும், எலும்பின் அடர்த்தி குறையும். சரிவில் வேலை செய்பவர் வழுக்கி விழுந்தால் எலும்பு முறிய வாய்ப்புண்டு. ஆகவே எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் கேட்டுப் பெறுங்கள். தோட்ட வேலையை அறவே விட்டுவிடச் சொல்லாதீர்கள். நடையும் உழைப்பும் இந்த ஊசிக்கு நல்ல துணை.

அறுவை சிகிச்சைக்குப் பின் சில மாதம் சிறுநீர் கசியலாம். இரு சிகிச்சைகளிலும் தாம்பத்திய உறவு பாதிக்கப்படலாம். உங்கள் தந்தை "விட்டுவிடுங்கள்" என்று சொல்வதற்குப் பின்னால் இந்த அச்சமும் இருக்கக்கூடும். மகள் முன்னால் எந்தத் தகப்பனும் இதைப் பேசமாட்டார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டைக் காட்டிவிட்டு, சிறிது நேரம் அவரைத் தனியாக உள்ளே இருக்க விடுங்கள்.