களிமண் பூமியில் சாலிட் பிளாக் சுவர்: நிலநடுக்கத்தைத் தாங்குமா?

கேள்வி (மன்னார்குடி):
வணக்கம். வயலை ஒட்டிய மனையில் தரைத்தளம் மட்டும் கொண்ட வீடு கட்டவிருக்கிறோம். தூண்கள் வேண்டாம், 8 அங்குல சாலிட் பிளாக் (உள்ளே குழியில்லாத கான்கிரீட் கல்) சுவரின் மேலேயே தளம் போடலாம் என்கிறார் மேஸ்திரி. செங்கல் வீட்டிலேயே வாழ்ந்து பழகிய அப்பாவோ, பூமி அதிர்ந்தால் பிளாக் சுவர் நிற்காது என்று தயங்குகிறார். எந்தக் கல் வலுவானது?

மறுமொழி (கட்டடப் பொறியாளர், தஞ்சாவூர்):
அப்பாவின் அச்சம் நியாயமானது; ஆனால் குறை கல்லில் இல்லை. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2185-இன்படி சாலிட் பிளாக் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 4 அல்லது 5 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும். ஒற்றைத் தள வீட்டில் சுவருக்கு வரும் சுமை அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. நிலநடுக்கத்தில் சுவர் நசுங்குவதைவிட, பக்கவாட்டில் தள்ளப்பட்டு, மூலைகளில் பிளந்து, தனித்தனியாகச் சாய்வதே மிகுதி. 2001 நிலநடுக்கத்தில் குஜராத்தின் கட்ச் பகுதியில் அப்படிச் சாய்ந்த சுவர்கள் ஏராளம்.

ஆகவே நான்கு சுவர்களும் ஒரே பெட்டியாக நிற்க, அடித்தளத்தின் மேலும் லிண்டல் மட்டத்திலும் வீட்டைச் சுற்றி அறுபடாமல் கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும். நம் பக்கத்தில் கதவு, ஜன்னலுக்கு மேல் மட்டும் லிண்டலைத் துண்டு துண்டாகப் போட்டு நிறுத்திவிடுகிறார்கள்; எனக்கு அது ஆறாத வருத்தம். மூலையில் பெல்ட் கம்பியை வெட்டி நிறுத்தாமல், மடக்கி அடுத்த சுவருக்குள் கொண்டுபோய்க் கட்டச் சொல்லுங்கள். ஹாலோ பிளாக் (உள்ளே குழியுள்ள கல்) என்றால் மூலைக் குழிகளில் நிலைக்கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்பலாம். குழிகளால் சுவரின் எடை குறைவதால் அதிர்வில் வரும் விசையும் குறையும்.

மறுமொழி (திருத்துறைப்பூண்டி):
எங்கள் வீட்டில் பூமி அதிராமலேயே சுவர் பிளந்தது. கோடையில் வயல் பாளம் பாளமாக வெடித்தபோது, சமையலறை மூலையில் சாந்து இணைப்புகளின் வழியே படிக்கட்டுபோல் ஏறிய விரிசலில் ஒரு நாணயம் நுழைந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து மண் ஊறியதும் அது மயிரிழையாக ஒடுங்கியது. பெல்ட் போடவில்லை. வார்த்து ஒரு வாரம்கூட ஆகாத பிளாக்குகளை இறக்கியதும் பிறகுதான் தெரிந்தது.

மறுமொழி (கட்டடப் பொறியாளர், தஞ்சாவூர்):
ஐயா சொன்னது டெல்டாவில் முதலில் கேட்க வேண்டிய செய்தி. நிலநடுக்கத்துக்கான தர நிர்ணயமான ஐ.எஸ். 1893-இன் 2016 வரைபடத்தில் தஞ்சாவூர் ஆபத்து மிகக் குறைந்த இரண்டாம் மண்டலம்தான், சென்னை மூன்றாம் மண்டலம். நமக்கு ஆண்டுதோறும் வரும் சோதனை களிமண்ணின் சுருக்கமும் உப்பலும். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். களி ஆழமாக இருந்தால் அடிப்பகுதி அகன்ற பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) இறக்கி, அதன்மேல் சுவரைத் தாங்கும் கிரேடு பீம் (கான்கிரீட் உத்திரம்) ஓட்டுவது நல்லது. பிளாக் வார்த்து 28 நாள் ஆகியிருக்க வேண்டும். செங்கல்லைப் போல ஊறவைக்காமல், மேற்பரப்பை மட்டும் லேசாக நனைத்து அடுக்கச் சொல்லுங்கள், ஏனெனில் ஊறிய பிளாக் காயும்போது சுருங்கிச் சுவரில் விரிசல் விடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூலையை ஒட்டி ஒரு ஜன்னல் வரைந்திருக்கிறோம். தள்ளி வைக்க வேண்டுமா?

மறுமொழி (கட்டடப் பொறியாளர், தஞ்சாவூர்):
கட்டாயம். மூலைக்கும் ஜன்னலுக்கும் இடையே 2 அடிச் சுவராவது இருக்கட்டும்.