மார்க்கர் நகரும் என்று புதியவர்களைப் பயமுறுத்துவது ஏன்?

அலைக்கோடு:
நீளமான குரல் பதிவில் பிழைகளை எப்படித் தேடிப் பிடிப்பது என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டிருந்தார். மார்க்கர் என்பது பதிவில் ஓர் இடத்தை அடையாளம் காட்ட மென்பொருளில் வைக்கும் குறி. புதியவருக்குக் கத்தரி கொடுத்த பதில் இது: "மார்க்கர் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். முதல் வெட்டிலேயே எல்லா மார்க்கரும் நகர்ந்துவிடும். தப்பு வந்தால் ஒரு கைதட்டல். அலைவடிவத்தில் முள் மாதிரி நிற்கும், போய் வெட்டுங்கள்."

கேட்டவரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெரியாமல் கேட்பவருக்கு இப்படி அரைகுறையாகச் சொல்லித் தருவதை என்னால் பொறுக்க முடியவில்லை. மார்க்கர் நகராது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ட்ராக்குகளை ஒன்றோடொன்று பூட்டி வைக்கும் சிங்க்-லாக் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வெட்டினால் லேபிள்களும் (அங்கே மார்க்கருக்கு அதுதான் பெயர்) ஒலியோடு சேர்ந்து முன்னால் வரும். ரீப்பர் மென்பொருளில் ரிப்பிள் எடிட்டிங்கை, அதாவது வெட்டிய இடைவெளியை மூடப் பின்னால் இருப்பதை முன்னால் இழுக்கும் வசதியை, எல்லா ட்ராக்குக்கும் என்று வைத்தால் மார்க்கரும் கூடவே வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மார்க்கர் மேல் பழி போடலாமா?

கத்தரி:
"லேபிள்களும் முன்னால் வரும்" என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். முன்னால் வந்தால் நகர்ந்தது என்றுதானே ஆகும்? நான் சொன்னதும் அதையேதான். மார்க்கர் நகரும்.

அலைக்கோடு:
ஒலி எங்கே போகிறதோ அங்கே மார்க்கரும் போகிறது. பிழை இருந்த இடத்தில்தான் அது நிற்கிறது. அதற்குப் பெயர் நகர்வது இல்லை. மார்க்கர் நகராது.

பழைய_மைக்:
இரண்டு பேரும் எந்த மென்பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டால் நல்லது. அடோபி ஆடிஷனில் ஒற்றைக் கோப்பைத் திறந்து நடுவில் ஒரு துண்டை வெட்டினால் பின்னால் இருக்கும் மார்க்கரெல்லாம் தானாகவே முன்னால் வந்துவிடும், நாம் எதையும் மாற்றி வைக்க வேண்டியதில்லை. ஆடாசிட்டியில் லேபிள் தனி ட்ராக்கில் இருப்பதால்தான் இந்தச் சிக்கல். சிங்க்-லாக் போடாமல் ஒலி ட்ராக்கை மட்டும் தேர்ந்து வெட்டினால் ஒலி முன்னால் வரும், லேபிள் இருந்த இடத்திலேயே நிற்கும்.

கத்தரி:
பார்த்தீர்களா? பழைய_மைக் அண்ணனே சொல்லிவிட்டார். ஆடிஷனிலும் நகர்கிறது.

பழைய_மைக்:
நான் அப்படிச் சொல்லவில்லை.

அலைக்கோடு:
அவர் அப்படிச் சொல்லவில்லை! சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்வது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இரைச்சல் நீக்கம் பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். உங்கள் அளவுகளை அப்படியே வைத்த ஒருவரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது. அதற்கும் அவருடைய மைக்கைத்தான் குறை சொன்னீர்கள்.

சரி, கைதட்டலுக்கு வருகிறேன். மேடைப் பேச்சைப் பதிவு செய்யும்போது கூட்டமே கைதட்டும். அதில் உங்கள் முள் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பதிவின்போதே லிமிட்டர் (ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) ஓடினால் முள்ளின் தலை மழுங்கிவிடும். முள் தெரிந்தாலும் அங்கே என்ன தப்பு என்று அது சொல்லுமா? சொல் தடுமாறியதா, பக்கம் புரட்டிய சத்தமா, வெளியே வண்டி போனதா? ரீப்பரில் ஷிஃப்ட்டோடு எம் அழுத்தினால் மார்க்கருக்கு அங்கேயே பெயர் கொடுக்கலாம். முதல் பத்து மார்க்கருக்கு எண் விசைகளை அழுத்தியே தாவலாம். சதுர அடைப்புக்குறி விசைகள் முந்தையதற்கும் அடுத்ததற்கும் கொண்டுபோகும். ஆடாசிட்டியில் லேபிள் போட, ஓடும்போது கண்ட்ரோல் எம், நிறுத்தி வைத்துத் தேர்ந்திருக்கும்போது கண்ட்ரோல் பி (B). இவ்வளவு வசதியையும் விட்டுவிட்டுக் கையைத் தட்டச் சொல்கிறீர்கள்.

கத்தரி:
கைதட்டல் ஒலிக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை வெட்டு வெட்டினாலும், எந்த மென்பொருளுக்குக் கொண்டுபோனாலும் கூடவே வரும். அதற்குச் சிங்க்-லாக்கும் வேண்டாம், ரிப்பிளும் வேண்டாம். உங்கள் மார்க்கருக்கு ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரு பூட்டைத் தேடிப் போட வேண்டியிருக்கிறது. நகராத பொருளுக்கு எதற்குப் பூட்டு?

இரைச்சல் நீக்கத்தை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அந்தப் பதிவில் தவறு மைக்கில்தான். இப்போதும் சொல்வேன்.

செவிவழி:
நான் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்து ஒலித்தொகுப்பு செய்கிறேன். அலைவடிவத்தில் முள் நிற்கிறது என்பதால் எனக்கு ஒரு பயனும் இல்லை. ரீப்பரைத் திரைவாசிப்பானோடு இணைக்கும் ஓசாரா நீட்சியைப் போட்டிருக்கிறேன். மார்க்கரிலிருந்து மார்க்கருக்குத் தாவினால் அதன் பெயரை வாசித்துக் காட்டும். "இரண்டாம் பத்தி, மூச்சுச் சத்தம்" என்று காதில் விழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். கைதட்டலைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முழுப் பதிவையும் மறுபடி கேட்க வேண்டும்.

கத்தரி:
உங்களுக்கு மார்க்கர் தேவைப்படலாம், மறுக்கவில்லை. நான் பொதுவாகச் சொன்னேன்.

செவிவழி:
அந்தப் பொதுவில் நான் இல்லையா?

அலைக்கோடு:
இதைத்தான் நானும் கேட்கிறேன்! திரையைப் பார்க்காமல் வேலை செய்பவர் ஒருவர் வந்து இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் கைதட்டல்தான் உசத்தியா? செவிவழியின் பதிவிலாவது மார்க்கர் நகர்ந்ததா என்று அவரையே கேளுங்கள்.

செவிவழி:
அலைக்கோடு, என் அனுபவத்தை உங்கள் சண்டைக்கு ஆயுதமாக எடுக்க வேண்டாம். ரிப்பிளை ஒரு ட்ராக்குக்கு மட்டும் என்று வைத்து வெட்டினால் ரீப்பரிலும் மார்க்கர் பொருந்தாமல் போகும். எனக்கே நடந்திருக்கிறது.

கத்தரி:
கேட்டுக்கொள்ளுங்கள். நகர்ந்திருக்கிறது.

அலைக்கோடு:
அங்கே நகர்ந்தது ஒலி! மார்க்கர் அசையவே இல்லை!

இன்னொன்றும் சொல்கிறேன், இதற்கு எந்தப் பூட்டும் தேவையில்லை. எல்லாப் பிழைக்கும் மார்க்கர் போட்டு முடித்ததும் கடைசி மார்க்கருக்குப் போங்கள். அங்கே வெட்டிவிட்டு அதற்கு முந்தையதற்கு வாருங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால், நீங்கள் வெட்டும் இடத்துக்கு முன்னால் இருக்கும் எந்த மார்க்கரும் பாதிக்கப்படாது. எந்த மென்பொருளாக இருந்தாலும் சரி. அந்தப் புதியவருக்கு முதலில் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கத்தரி:
முன்னாலிருந்து வெட்டினால் நகரும் என்பதால்தானே பின்னாலிருந்து வெட்டச் சொல்கிறீர்கள்?

பழைய_மைக்:
வெட்டாமலேயே மார்க்கர் இடம் மாறும் ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றி யாருமே பேசவில்லை. வேவ் (WAV) கோப்பில் ஒலி, வினாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்த அளவுகளாக, அதாவது சாம்பிள்களாக, இருக்கிறது; மார்க்கர் எத்தனையாவது சாம்பிள் என்ற எண்ணாகத்தான் பதிவாகிறது. வினாடிக்கு 44,100 சாம்பிள் வீதத்தில் சரியாக ஒரு மணி நேரத்தில் போட்ட மார்க்கர் 15,87,60,000-ஆவது சாம்பிள். கோப்பை 48,000-க்கு மாற்றும்போது ஒலியை மட்டும் மாற்றிவிட்டு இந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டால், மார்க்கர் 55 நிமிடம் ஏழரை வினாடியில் போய் நிற்கும். ஏறக்குறைய ஐந்து நிமிடப் பிசகு. மாற்றிய பிறகு இரண்டு மார்க்கரையாவது கேட்டுச் சரிபாருங்கள்.

அப்புறம், ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே அழுத்தும் மார்க்கர் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் விழும். பிழையைக் காது கேட்ட பிறகுதானே விரல் அழுத்துகிறது. மார்க்கர் நிற்கும் இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது.

கத்தரி:
தாமதமாக விழும், வீதம் மாற்றினால் தள்ளிப் போகும், வெட்டினால் நகரும். இதைத்தான் புதியவர் கற்றுக்கொள்ள வேண்டுமா?

அலைக்கோடு:
தாமதமாக விழுவது வேறு, நகர்வது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். தாமதமாக விழுந்தால் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம். கைதட்டலை இழுத்து வைக்க முடியுமா? அதுவும் தப்பு நடந்த பிறகுதானே தட்டுகிறீர்கள்? அந்தத் தாமதம் மட்டும் கணக்கில் வராதா?

புதிய_குரல்:
மன்னிக்கவும், அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான். என் பதிவெல்லாம் எம்பி3 கோப்பாக இருக்கிறது. அதில் மார்க்கர் தங்குமா?

பழைய_மைக்:
எம்பி3-இல் வைத்துத் தொகுக்காதீர்கள் தம்பி. வேவில் பதிவு செய்யுங்கள். மார்க்கரை வைக்க அதில் தனி இடமே இருக்கிறது, எம்பி3-இல் கிடையாது.

ஐந்தாம்_ட்ராக்:
கிடையாது என்று சொல்ல முடியாது. எம்பி3 கோப்போடு தலைப்பு போன்ற விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஐடி3 குறிச்சொல்லில் அத்தியாயக் குறிகள் வைக்க 2005-லேயே வழி வகுத்துவிட்டார்கள். பாட்காஸ்ட்டில் அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவுவது அப்படித்தான்.

பழைய_மைக்:
அது கேட்பவருக்கான குறி. நான் தொகுப்பவருக்கான மார்க்கரைப் பற்றிப் பேசுகிறேன். வேவ் 1991-இல் வந்த வடிவம், இன்றைக்கும் தொகுப்பவர்கள் அதைத்தான் நம்புகிறார்கள்.

ஐந்தாம்_ட்ராக்:
வயதை வைத்து வடிவத்தை மதிப்பிடுகிறீர்களா?

அலைக்கோடு:
எம்பி3 சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய_குரல், உங்களுக்கு நேராகவே சொல்கிறேன். ஆடாசிட்டியில் திறந்து, திட்டக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். லேபிள்கள் அதிலேயே இருக்கும். சிங்க்-லாக் போடுங்கள். வேலை முடிந்ததும் லேபிள்களைத் தனி உரைக் கோப்பாகவும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். தொடக்கமும் முடிவும் வினாடிக் கணக்கில் அதில் இருக்கும். வெட்டுவதற்கு முன்னால் எடுத்த உரைக் கோப்பை வெட்டிய பிறகு உள்ளே கொண்டுவர வேண்டாம், பொருந்தாது. மார்க்கர் நகராது, பயப்படாதீர்கள்.

கத்தரி:
"வெட்டிய பிறகு பொருந்தாது." இதை எழுதியது நானா நீங்களா?

அலைக்கோடு:
நான் பேசியது பழைய உரைக் கோப்பைப் பற்றி! கத்தரி, ஒரு ஆடாசிட்டி திட்டத்தைத் திறந்து, சிங்க்-லாக் போட்டு, நடுவில் பத்து வினாடி வெட்டி, அடுத்த லேபிள் எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.

கத்தரி:
பத்து வினாடி முன்னால் நிற்கும். அதைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா?

புதிய_குரல்:
அப்படியானால் நான் கைதட்ட வேண்டுமா, வேண்டாமா?

அலைக்கோடு:
வேண்டாம்.

கத்தரி:
தட்டுங்கள்.