தக்காளி வேரில் நூற்புழு முடிச்சு, பூஞ்சை வைத்து அடக்கியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. தக்காளிச் செடிகள் வெயிலில் வாடி, சாயங்காலம் நிமிர்கின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் மிளகு அளவில் முடிச்சு, கழுவினாலும் உதிரவில்லை. வேர் முடிச்சு நூற்புழுதான்.

தேடிப் படித்ததில் ஒன்று அசர வைத்தது. நூற்புழுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல ஆஸ்கரோசைடு என்ற வேதிப்பொருட்களை வெளிவிடுகின்றன, ஆர்த்ரோபோட்ரிஸ் ஒலிகோஸ்போரா என்ற மண் பூஞ்சை அதையே மோப்பம் பிடித்து, ஒட்டும் வலைப்பொறி கட்டி, புழுவைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. 2013-இல் இதை ஆய்வில் காட்டினார்கள். தக்காளி உட்படச் சில செடிகளும் அந்தப் பொருளில் ஒரு வகையை உணர்ந்து தம் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொள்வதாக 2015-இல் இன்னொரு ஆய்வு.

சரி, என் கேள்வி இதுதான். சத்து குறைந்த சூழலில்தான் இந்தப் பூஞ்சை பொறி கட்டுமாம். அப்படியானால் தொழுஉரம் நிறையப் போட்ட பாத்தியில் அது வேலை செய்யுமா? கடையில் கிடைக்கும், நூற்புழு முட்டைகளைத் தாக்கும் பர்பூரியோசில்லியம் என்ற வேறொரு பூஞ்சையின் பொடியே போதுமா? நாற்று நடும்போதே போட்டீர்களா, பிறகா? நூற்புழுவைக் குறைக்க ஊடே செண்டுமல்லி போட்டவர்களும் சொல்லுங்கள். அடுத்த நடவுக்குள் முடிவெடுக்க வேண்டும், வேரின் படம் இருந்தால் அதையும் போடுங்கள்.