பல இசை இரவுகள் கொண்ட விடுதி: முதல்முறைக்கு எந்த இரவு ஏற்றது?

கேள்வி:
நண்பர்கள் மூவருடன் பெருநகர இரவு விடுதி ஒன்றுக்கு முதன்முறையாகச் செல்லவிருக்கிறேன். ஹவுஸ், ஹிப் ஹாப், எண்பதுகளின் பாடல்கள் என்று ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கருப்பொருள் வைத்திருக்கிறார்கள். நடனம் மிகவும் பிடிக்கும். இசை வகைகள் அதிகம் தெரியாது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில் 1:
சேர்ந்து பாட விரும்பினால் எண்பதுகளின் இரவுக்குச் செல்லுங்கள். 1980களில் சிகாகோவில் உருவான ஹவுஸ் இசையோ, நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 துடிப்புகள் என்ற சீரான வேகத்தில், ஒரு பாடல் முடிவது தெரியாமலே டிஜே அடுத்ததை இணைத்துக்கொண்டு போவதால், ஆடிப் பழகாதவரையும் அரை மணி நேரத்தில் தன் ஓட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும். டிரம் அண்ட் பேஸ் என்ற அதிவேக நடன இசை வகையோ 170 துடிப்புகளைத் தொடும். முதல் இரவுக்கு வேண்டாம்.

பதில் 2:
காதுகளைக் கவனியுங்கள். 100 டெசிபல் ஒலியைப் பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் நாளொன்றுக்குச் சுமார் 15 நிமிடங்களே. நான் ஒருமுறை ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியபோது, தலையணையில் சாய்ந்த பிறகும் காதுக்குள் மெல்லிய விசில் ஒலித்தது. மறுநாள் மாலைதான் அடங்கியது. இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான்கள் ஒலியளவைக் குறைக்குமே தவிர, இசையின் தெளிவைப் பெரிதாகக் கெடுப்பதில்லை.

பதில் 3:
வயதுச் சான்று அவசியம். கருப்பொருளுக்கேற்ற உடை கட்டாயமா என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்; வாசலில் திருப்பி அனுப்பப்படுவது மிகுந்த வருத்தம் தரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எண்பதுகளின் இரவுக்கே செல்கிறோம். காதடைப்பான்களை இன்றே வாங்கிவிடுகிறேன்.